பெயரளவில் பன்மொழி! பின்கட்டில் தமிழ்!

முன்னெல்லாம் அரசு அலுவலகத்தின் வாயில் கல்லாலும் மரத்தாலும் ஆனதாக இருந்தது. அவ்வாயிலில் நின்று தன் குறையைத் தன் மொழியில் எடுத்துரைக்கவும், எழுதத் தெரியாவிடின் மரத்தடியில் அமர்ந்திருக்கும் ஒருவரைக் கொண்டு எழுதுவித்துக் கொடுக்கவும் எளிய உழவன் ஒருவனால் இயன்றது. இன்றோ அவ்வாயில் கண்ணாடித் திரையாக மாறிவிட்டது. பட்டாவா, பிறப்புச் சான்றா, ஓய்வூதியமா, தேர்வுக்குப் பெயர்ப்பதிவா, எல்லாவற்றிற்கும் ஒரு வலைத்தளம். அத்தளத்தில் ஒரு படிவம். அப்படிவத்தின் கீழே அழுத்துவதற்கு ஒரு பொத்தான். அத்திரை எம்மொழியிற் பேசுகின்றதோ அம்மொழி அறிந்தவனே குடிமகன். அறியாதவன் வாயிலுக்கு வெளியே நிற்கும் ஏதிலி. ஆகவே, ஒரு வலைத்தளம் எத்தனை மொழிகளில், எந்நிலையில், எவ்வொழுங்கில் கட்டப்படுகின்றது என்பது கணினி வல்லுநர் தம் அறைக்குள் முடித்துக்கொள்ளும் கைவினைச் செய்தியன்று. அஃது ஓரினத்தின் உரிமைச் செய்தி.

இவ்வுண்மையை 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் நாடே கண்டது. அன்று இந்திய ஆயுட்காப்பீட்டுக் கழகத்தின் வலைத்தளம் முகப்பு முழுதும் இந்தியில் தோன்றியது. ஆங்கிலத்திற்கு மாற்றிக்கொள்ள இருந்த பொத்தானின் பெயரும் இந்தியிலேயே இருந்தது! இந்தி அறியாதவன் இந்தியிலிருந்து வெளியேற வேண்டுமாயின் முதலில் இந்தி கற்க வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்? தமிழ்நாட்டு முதலமைச்சர் உள்ளிட்ட பலரும் கடிந்து கூறிய பின்னர், அது தொழில்நுட்பக் கோளாறு என்றும், கோளாறு நீக்கப்பட்டுத் தளம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கின்றது என்றும் கழகம் அறிவித்தது.

கோளாறு என்றே கொள்வோர் கொள்க. ஆயின், கோளாறு நீங்கிய பின்னர் வந்த அவ்வறிவிப்பை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலமும் இந்தியும்! தம் வாழ்நாள் உழைப்பைத் தவணை தவணையாகக் கட்டிவரும் தமிழரின் மொழி, கோளாறு உற்றபோதும் அங்கில்லை. கோளாறு தீர்ந்தபோதும் அங்கில்லை. உண்மைக் கோளாறு எது? ஒருநாள் மாறிப்போன பொத்தானா? ஒவ்வொரு நாளும் மாறாதிருக்கும் மனப்பான்மையா?

மொழியறியாதான் தலையில் விழும் சட்டம்

மொழி இல்லாத் தளத்தால் விளையும் கேடு யாது என வினவுவார்க்கு 2020-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியே விடை கூறும். அவ்வாண்டு நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. எந்த ஆலைக்கு, எந்தச் சுரங்கத்திற்கு, எந்த அணைக்கு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், எதற்குக் கேட்க வேண்டா என வரையறுக்கும் அறிவிக்கை அது. நிலம் இழக்கப்போகும் உழவரும், கடல் இழக்கப்போகும் மீனவரும், காடு இழக்கப்போகும் மலைவாணரும் தம் கருத்தைக் குறித்த நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே அரசு அறிவித்தது. அறிவிக்கை எம்மொழிகளில் வெளிவந்தது? இந்தியிலும் ஆங்கிலத்திலும்!

படிக்க இயலாத ஓலையைக் கையிற் கொடுத்து, "இதற்கு உன் மறுப்பு என்ன?" என்று கேட்பதனினும் பெரிய ஏளனம் வேறுண்டோ? அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் தில்லி உயர்முறைமன்றம், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வலைத்தளங்களில் வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டது. கருத்துரைக்கும் காலமும் ஆகத்து 11 வரை நீட்டிக்கப்பட்டது. நடுவணரசு அவ்வாணைக்குப் பணிந்ததா? இந்தியிலும் ஆங்கிலத்திலுமன்றிப் பிறமொழிகளில் வெளியிடுமாறு சட்டம் கட்டாயப்படுத்தவில்லை எனச் சொல்லி உச்சமுறைமன்றத்தின் படியேறியது. ஓர் அறிவிக்கையைத் தமிழிற் பெயர்க்கும் செலவு பெரிதா, பெயர்க்க மாட்டோம் என்று வழக்காடும் செலவு பெரிதா? செலவன்று அங்குத் தடை, செருக்கே தடை.

அரசமைப்பின் 350-ஆம் பிரிவு, நடுவண் அலுவலர் எவர்க்கும், மாநில அலுவலர் எவர்க்கும், முறையே நாட்டிலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் தன் குறையை முறையிடும் உரிமையைக் குடிமகன் ஒவ்வொருவர்க்கும் வழங்கியுள்ளது. 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாகவே இந்தியா முழுவதற்கும் செல்லும் என்று முதல் விதியிலேயே வரையப்பட்டுள்ளது. 1965-இல் தமிழிளைஞர் சிந்திய செங்குருதி வீண்போகவில்லை என்பதற்கு அவ்வரி சான்று. ஆயினும், தாளில் எழுதிய அவ்வுரிமையைத் திரை விழுங்குகின்றது. தமிழில் முறையிடலாம் என்கின்றது அரசமைப்பு. ஆங்கில எழுத்துகளையன்றி வேறெழுத்தை ஏற்க இயலாது என்று சிவப்பு வரியில் மறுக்கின்றது படிவம். சட்டம் பெரிதா, படிவம் பெரிதா? ஒரு நிரலாளன் எழுதிய ஒருவரிக் கட்டளை, அரசமைப்பின் ஒரு பிரிவையே ஓசையின்றி வெட்டிவிடுகின்றது.

பன்மொழித் தளம் என்பது யாது?

ஒரு மூலையில் 'தமிழ்' என்றொரு பொத்தானை ஒட்டிவிட்டால் அது பன்மொழித் தளம் ஆகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். பொத்தானைச் சொடுக்கினால் முகப்பின் தலைப்புகள் மட்டும் தமிழாகும். உள்ளே சென்றால் எல்லாம் ஆங்கிலம். வாயிலில் வாழைமரம், உள்ளே வெற்றுத்தரை. ஆங்கிலப் பக்கத்தில் நேற்றைய அறிவிப்பு இருக்கும். தமிழ்ப் பக்கத்தில் மூன்றாண்டுக்கு முந்திய அறிவிப்பு மூச்சடங்கிக் கிடக்கும்.

உண்மைப் பன்மொழித் தளத்தின் இலக்கணம் வேறு. ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய நிலையான முகவரி வேண்டும். அப்பொழுதுதான் தேடுபொறி தமிழ்ப் பக்கத்தைக் கண்டெடுக்கும். ஒருவர் அதனை மற்றவர்க்கு அனுப்பவும் இயலும். ஒவ்வொரு மொழியின் பெயரும் அம்மொழியின் எழுத்திலேயே இருத்தல் வேண்டும். நாட்டுக் கொடிகளை இட்டு மொழிகளைக் குறிப்பது பேதைமை. தமிழுக்கு எக்கொடியை இடுவார்? சிங்கப்பூரில் ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழ் ஒன்று. அங்குள்ள தமிழர்க்கு எக்கொடி? ஈழத்தமிழர்க்கு எக்கொடி? பயன்கொள்வார் தம் உலாவியில் தமிழை முதன்மொழியாக அமைத்திருப்பின், அவ்வுலாவி ஒவ்வொரு தளத்திற்கும் அதனைச் சொல்லியே கதவு தட்டுகின்றது. அதனைக் கேட்டுத் தமிழ்ப் பக்கத்தைத் திறக்கும் வழிவகை நெடுங்காலமாக உள்ளது. கேட்கும் செவிதான் தளங்கள் பலவற்றிற்கு இல்லை.

இது தமிழ்ப் பக்கம் என்னும் குறிப்பைப் பக்கத்தின் தலையிலேயே பொறித்தலும் வேண்டும். கண்பார்வையற்றார்க்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் அக்குறிப்பைப் பார்த்தே தமிழ்க்குரலைத் தேர்கின்றது. அக்குறிப்பின்றேல் ஆங்கிலக் குரல் தமிழெழுத்தில் முட்டித் தடுமாறும். சில வேளைகளில் வாயே திறவாது. ஒருவரி எழுதச் சோம்பியதால் கண்ணிழந்தார் செவியையும் இழக்கின்றனர்.

அடுத்தது தமிழின் சொல்லமைப்பு. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை மாற்றாமலே அதன் முன் ஓர் இடைச்சொல்லை வைத்து இடத்தை உணர்த்திவிடலாம். தமிழில் வேற்றுமையுருபு பெயரோடு புணரும். மதுரை 'மதுரையில்' என உடம்படுமெய் பெறும். வேலூர் 'வேலூரில்' என இயல்பாகப் புணரும். சேலமோ மகரங் கெட்டு, அத்துச்சாரியை பெற்றுச் 'சேலத்தில்' என்றாகும். இவ்விலக்கணம் அறியாதான் ஊர்ப்பெயர்க்குப் பின் 'இல்' என ஒட்டுமாறு நிரல் எழுதினால் 'சேலம்இல்' என்றே திரையில் தோன்றும். துண்டு துண்டாகச் சொற்களைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லாமல், முழுத் தொடரையும் கொடுத்துத் தமிழ் அறிந்தாரைக் கொண்டு அமைத்தால் இவ்விழுக்கு நேராது. தமிழாசிரியனும் நிரலாளனும் ஒரு மேசையில் அமரவேண்டிய இடம் இதுவே.

பெயரிலும் இத்தகைய கொடுமையே. 'முதற்பெயர், குடும்பப்பெயர்' என்று இரு கட்டங்களை மேலையர் தம் வழக்கப்படி வைத்துள்ளனர். முன்னெழுத்தும் ஒரு பெயருமே உடைய தமிழன், இல்லாத குடும்பப்பெயரை எங்கிருந்து கொணர்வான்? தந்தை பெயரை இழுத்துவந்து தன் பெயராக்கி, ஒரு சான்றில் ஒரு பெயரும் மற்றொரு சான்றில் மற்றொரு பெயருமாகி, பின் அவ்விருவரும் தான் ஒருவனே என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைகின்றான்.

எழுத்தில் விழிப்பு வேண்டும்

'தமிழ்ச்செல்வன்' என்னும் பெயரில் 8 எழுத்துகள் உள்ளன என்பது தொடக்கப்பள்ளி மாணவனும் அறிந்த செய்தி. கணினிக்கோ அவை 14 குறிகள். இணையத்தில் பெரிதும் வழங்கும் ஒருங்குறிச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் 'பைட்டு' என்னும் அலகு மூன்று வேண்டும். ஆக 42 அலகுகள். ஆங்கில எழுத்துக்கோ ஒன்றே போதும். ஆங்கிலப் பெயர்க்கு அளவெடுத்து 30 அலகுக்குள் கட்டிய கட்டத்தில் தமிழ்ச்செல்வனைப் பொதிந்தால் அவன் பெயரின் வால் அறுபடும். பிறர்க்குத் தைத்த சட்டையைத் தமிழனுக்கு மாட்டி, கை நீளமாக இருக்கின்றது என்று கையை வெட்டும் அறிவாண்மை இது.

இவ்வேறுபாடு ஏன் வந்தது? இந்தியமொழிகள் அனைத்திற்கும் ஒரே அச்சு என்று வகுத்த பழைய இந்தியக் குறியீட்டு முறையைத் தழுவியே ஒருங்குறியில் தமிழ் அமைக்கப்பட்டது. மெய்யே முதல், அதனோடு உயிர் சேர உயிர்மெய் என்பது தமிழிலக்கணம். அங்கோ அகரமேறிய உயிர்மெய் முதலாகவும், மெய் அதன்மேற் புள்ளியிட்டுப் பெறும் வழிநிலையாகவும் தலைகீழாயின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலும், அதன் பின்னரும் தமிழறிஞரும் கணினி அறிஞரும் இதுபற்றி ஓயாது வாதிட்டனர். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், தமிழெழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி இடம் வகுக்கும் 16 நுண்மி அனைத்தெழுத்து முறையையும் ஏற்று ஆணையிட்டது.

அதே 2010-இல் மற்றொரு சூழ்ச்சியும் தலைநீட்டியது. கிரந்த எழுத்துகளுக்கு இடம் வகுக்கும் போர்வையில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழுக்கே உரிய ஐந்தெழுத்துகளையும் கிரந்தத்திற்குள் இழுத்துச் செல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டது. தமிழுணர்வாளர் கொதித்தெழுந்தனர், தமிழ்நாட்டரசும் தடுத்து எழுதியது. 2014-இல் கிரந்தம் ஒருங்குறியில் இடம்பெற்றபோது அவ்வைந்தெழுத்தும் அதனுள் இல்லை. விழித்திருந்தால் வெல்லலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அகரவரிசையிலும் விழிப்பு வேண்டும். அமுதன், அழகன், அறிவன், அன்பன் என்பதே தமிழ் நெடுங்கணக்கு முறை. குறியெண் ஒழுங்கையே பற்றி அடுக்கும் தளத்தில் அன்பன், அமுதன், அறிவன், அழகன் என்று வரிசை குலையும். ஏனெனில் அங்கு னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும் செருகப்பட்டுள்ளன. இதனைத் திருத்தும் தமிழ் அடுக்குவிதிகள் ஒருங்குறிப் பேரவையின் மொழித்தரவுத் தொகுப்பிலேயே உள்ளன. அவற்றை எடுத்தாளாமல் விடுவது அறியாமையன்று. தமிழ்தானே என்னும் பொருட்படுத்தாமை.

பொறி பெயர்க்கட்டும் என்பார்க்கு

"இத்துணைத் தொல்லை எதற்கு? மொழிபெயர்ப்புப் பொறி இருக்கின்றதே, ஆங்கிலத்தில் எழுதிவைத்தால் அவரவர் அதனைத் தமிழாக்கிக்கொள்ளட்டும்" என்று கூறும் கூட்டம் ஒன்றுண்டு. கூகுள் பொறி 2011 முதல் தமிழைப் பெயர்த்து வருகின்றது. நடுவணரசும் 2022-இல் தனக்கென ஒரு மொழிபெயர்ப்புத் திட்டம் தொடங்கியது. பொறி நாளுக்கு நாள் தேர்ச்சி பெறுகின்றது என்பதும் உண்மை. அதனை வெறுக்க வேண்டுவதில்லை. ஆயின், தளத்தின் முகப்பைக் குறிக்க ஆங்கிலர் ஆளும் இல்லம் என்னும் பொருட்சொல்லை 'வீடு' என்றும், பக்கத்தை மூடுக என்னும் ஏவலை 'நெருக்கமான' என்றும் மேற்பார்வையின்றிப் பெயர்த்து நிறுத்திய தளங்களைப் பார்த்து நகையாதார் யார்? நகைப்போடு முடிந்தால் குற்றமில்லை. மருந்தின் அளவிலும், வரிகட்டும் நாளிலும், நிலத்தின் எல்லையிலும் பொறி பிழைத்தால் விளைவுக்கு யார் பொறுப்பு? பொறியா? அதனை அமர்த்திய அலுவலகமா? கருவி கைக்கு உதவட்டும், கையே கருவியாகிவிடலாகாது. பொறி பெயர்த்ததைத் தமிழறிந்தார் ஒருவர் திருத்தி ஒப்பமிட்ட பின்னரே அது தளத்தில் ஏறவேண்டும்.

செலவைக் காட்டி அஞ்சுவிப்பார் ஐரோப்பாவைப் பார்க்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 ஆட்சிமொழிகள். 1958-இல் அவ்வமைப்பு இயற்றிய முதல் ஒழுங்குமுறையே மொழி பற்றியது. மால்டாத் தீவினர் தொகை ஐந்து இலக்கத்திற்கு மேல். அவர்தம் மொழி 2004 முதல் அவ்வொன்றியத்தின் ஆட்சிமொழி. ஐரிசு மொழி 2007-இல் அந்நிலை பெற்று, 2022 முதல் முழுநிலை எய்திற்று. கனடா நடுவணரசின் பொதுத்தளம் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் முகப்பில் அருகருகே நிறுத்தி, எது வேண்டும் என்று வந்தாரைக் கேட்கின்றது. இந்தியாவிலோ 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டார் 6.9 கோடி. ஐந்து இலக்கத்தார்க்கு இயல்வது ஏழு கோடியர்க்கு ஏன் இயலாது? மால்டர் மொழிக்கு ஒன்றியத்தில் இடமுண்டு. தமிழுக்கு ஒன்றியத்தில் வரிகட்டும் இடம் மட்டுமே உண்டு!

தன்முதுகைத் தான் காண்க

தில்லியை மட்டும் பழித்து அமைவது நேர்மையன்று. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டிலேயே, அரசுத்துறைத் தளங்கள் பல ஆங்கிலத்திற் கண்விழிக்கின்றன. தமிழைத் தேடிச் சொடுக்க வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் தமிழன் தமிழைத் தேடுவதா? தமிழரிடமே விற்றுத் தமிழர் பணத்திலேயே செழிக்கும் கடைகளின் தளங்களில் தமிழ் மருந்துக்கும் இல்லை. உலக நிறுவனங்களுக்கெல்லாம் பன்மொழித் தளம் கட்டிக்கொடுக்கும் நிரலாளர் தமிழிளைஞரே. பிரெஞ்சுக்கும் சப்பானியத்திற்கும் ஒரு புள்ளியும் பிசகாமல் கட்டுகின்றனர். தம் தாய்மொழிக்கு வரும்போது, "எல்லார்க்கும் ஆங்கிலம் தெரியுமே" என்கின்றனர். எல்லார் என்பார் யார்? அவர்தம் பாட்டியும், அவர்தம் ஊரின் நெசவாளியும் அவ்வெல்லாருள் அடங்காரோ?

ஊதியமும் புகழும் வேண்டாது உழைத்த தமிழரும் உளர். 1998 முதல் மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்குகின்றது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தன்னார்வலர் கூடி வளர்த்துள்ளனர். கூலியின்றி உழைத்தார்க்கு இயன்றது, கோடி கோடியாய்ச் செலவிடும் அரசுக்கு இயலாதா?

எனவே தமிழர் கேட்க வேண்டுவன இவை: தமிழ்நாட்டரசின் தளம் ஒவ்வொன்றும் தமிழிலேயே திறக்கவேண்டும், பிறமொழி பொத்தானில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் இயங்கும் நடுவணரசு அலுவலகங்களின் தளங்கள் முகப்பு முதல் படிவம் வரை, முறையீடு முதல் மறுமொழி வரை தமிழில் வேண்டும். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தோடு ஒரே நாளில் புதுப்பிக்கப்பட வேண்டும். பின்தங்கின் அறிவிப்பே செல்லாதென்று விதி வகுக்க வேண்டும். தளம் கட்டும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் தமிழறிஞர் ஒருவரின் சரிபார்ப்பு இன்றியமையாததாக்கப்பட வேண்டும்.

கேட்டுவிட்டு வாளா இருத்தலும் ஆகாது. ஒவ்வொரு தமிழனும் தன் கைப்பேசியின் மொழியை இன்றே தமிழாக மாற்றுக. தமிழ்ப் பொத்தான் இருக்கும் தளத்தில் அதனையே அழுத்துக. அழுத்துவாரில்லை என்று காட்டியே நாளை அதனை நீக்குவர். தமிழ் இல்லாத தளத்திற்குத் தமிழிலேயே முறையீடு விடுக்க. 350-ஆம் பிரிவு துணைநிற்கும். நிரலெழுதும் இளைஞர் தம் கை கட்டும் அடுத்த தளத்தில் முதற்பக்கத்தைத் தமிழில் கட்டுக.

கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தாளிலும் தன் இடத்தைத் தானே வென்றெடுத்த மொழி தமிழ். திரையிலும் அது வெல்லும். வெல்வது மொழியின் ஆற்றலால் மட்டுமன்று. அம்மொழியைப் பேசுவார் அழுத்தும் பொத்தானாலும் எழுப்பும் குரலாலும் ஆகும். வாயிலில் நின்று மன்றாடியது போதும்; வாயிலைத் தமிழால் கட்டுக!